மாத்தளை வழியும் கேளாச் செவிகளும்: ஒரு மருத்துவ வரலாற்றுக் குறிப்பு

மாத்தளை என்றதும் வரலாறு அறிந்தோர் மனதில் இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, 1848 ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சிக்கெதிராக அங்கு மூண்ட கிளர்ச்சி. மற்றையது, நகரிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியோரத்தில் பாறைகளுக்கிடையே அமைந்துள்ள அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குமாரின் நாவிலும் செவியிலும் மட்டுமே வாழ்ந்துவந்த பௌத்தத் திருமுறைகள் இங்குதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டன என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த அக்காலத்தில், ஓதுவோர் மாண்டால் நூலும் மாண்டுவிடும் என்ற அச்சமே அவர்களை எழுத்தாணியை எடுக்கச் செய்தது.

கேட்டு அறிவதே கற்றலாக இருந்த உலகம் அது. தமிழிலும் 'கேள்வி' என்ற சொல்லுக்குக் கல்வி என்றொரு பொருள் உண்டு. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். வேதத்துக்குச் 'சுருதி' என்று பெயர். கேட்கப்பட்டது என்பதே அதன் பொருள். இவ்வளவு பெருமை செவிக்கு அளிக்கப்பட்ட சமூகத்தில், பிறவியிலேயே செவிப்புலன் இழந்த குழந்தையின் நிலை எதுவாக இருந்திருக்கும்? 'செவிடு', 'ஊமை' என்ற இரு வசைச் சொற்களுக்குள் அதன் வாழ்வு முடிந்தது. செவி மருத்துவம் வளர்ந்த வரலாற்றையும், அது மாத்தளை வழியாக மலைநாடு சென்ற நம் மக்களை எட்டியும் எட்டாமலும் நின்ற வரலாற்றையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவியின் அமைப்பு

நாம் காது என்று சுட்டும் மடல், செவியின் வாசற்படி மட்டுமே. அதிலிருந்து உட்செல்லும் குழாயின் முடிவில், ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் விட்டமுடைய மெல்லிய சவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. அதுவே செவிப்பறை. அதற்கப்பால் காற்று நிறைந்த சிற்றறையொன்றில் மூன்று நுண்ணெலும்புகள் சங்கிலிபோல் கோத்து நிற்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் இவற்றைச் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று அழைக்கின்றன; தமிழகத்தில் சுத்தி எலும்பு, பட்டை எலும்பு, அங்கவடி எலும்பு என்பர். கொல்லன் பட்டறையையும் குதிரைச் சேணத்தையும் நினைவூட்டும் பெயர்கள். இவற்றுள் ஏந்தியுரு சுமார் மூன்று மில்லிமீற்றர் உயரமே உடையது. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு.

அதற்கும் உள்ளே, கபாலத்தின் மிகக் கடினமான எலும்புக்குள், இரண்டரைச் சுற்றுச் சுருண்ட நத்தைச்சுருள் உள்ளது. அது திரவத்தால் நிரம்பியது. காற்றில் வரும் ஒலி நேரே திரவத்தின்மீது மோதினால் அதன் பெரும்பகுதி திரும்பிவிடும். செவிப்பறையின் பரப்பு, ஏந்தியுரு பொருந்தியுள்ள சாளரத்தின் பரப்பைவிடச் சுமார் 17 மடங்கு பெரிது. அகன்ற பரப்பில் வாங்கிய விசையைக் குறுகிய பரப்பில் செலுத்துவதால் அழுத்தம் பெருகி, ஒலி திரவத்துக்குள் நுழைகிறது. அங்கே ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் அவ்வசைவை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கையளிக்கின்றன. இக்கலங்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே செவிப்புலன் இழப்பு இருவகைப்படும். ஒலி உட்செல்லும் வழி அடைபடுவது ஒன்று. உள்ளே அதனை உணரும் கலங்களோ நரம்போ பழுதுறுவது மற்றொன்று. முன்னையதைச் செப்பனிட மருத்துவர்களுக்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. பின்னையதற்கு வழி பிறந்து ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன.

மடலில் தொடங்கிய சத்திரசிகிச்சை

செவிக்கான சத்திரசிகிச்சை இந்தியத் துணைக்கண்டத்துக்குப் புதியதன்று. சுசுருத சங்கிதை, கிழிந்த காதுமடலைச் சீரமைக்கும் பதினைந்து முறைகளை விவரிக்கின்றது. காது குத்துவதும் துளையை வளர்ப்பதும் பரவலாக இருந்த நாட்டில் மடல் கிழிவதும் பரவலாகவே இருந்திருக்கும். பாம்படமும் தண்டட்டியும் அணிந்து, தோள்வரை தொங்கும் காதுகளுடன் தென்தமிழகத்துப் பெண்கள் வாழ்ந்த காலம் அண்மைக்காலமே. குழந்தைக்குக் காதுகுத்துவதை மாமன் மடியிலிருத்தி விழாவாகக் கொண்டாடும் மரபு நம்மிடம் இன்றும் உண்டு. மடலுக்கு இத்தனை மரியாதை செய்த நாம், அதன் உள்ளே நிகழ்வதை அறியும் வாய்ப்பை நெடுங்காலம் பெறவில்லை.

ஐரோப்பாவிலும் நிலை அவ்வாறே. 1543 இல் வெசாலியஸ் இரண்டு நுண்ணெலும்புகளை விவரித்தார். மூன்றாவதான ஏந்தியுரு அதன்பின்னரே அறியப்பட்டது. 1704 இல் இத்தாலியரான வல்சால்வா, செவியைப் புறச்செவி, நடுச்செவி, உட்செவி எனப் பிரித்து நூலெழுதினார். 1851 இல் கோர்ட்டி என்பார் மயிர்க்கலங்கள் அமைந்த உறுப்பை நுணுக்குக்காட்டியின் கீழ் கண்டு விவரித்தார். அமைப்பு தெரிந்தது, கத்தி வைக்கும் துணிவுதான் வரவில்லை. வராமைக்குக் காரணமும் இருந்தது. 1791 இல் டென்மார்க் மன்னரின் மருத்துவரான பேர்கர், தம் செவிட்டுத்தன்மையையும் காதிரைச்சலையும் தாங்கமாட்டாது, காதின் பின்னெலும்பைத் துளைக்குமாறு வற்புறுத்திச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். பன்னிரண்டு நாட்களில் மூளைச்சவ்வு அழற்சியால் மாண்டார். அதன்பின் பல தசாப்தங்களுக்கு எவரும் அவ்வழியில் செல்லத் துணியவில்லை. 1873 இல் ஜேர்மனியரான ஷ்வார்ட்சே அம்முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்ட பின்னரே அது மீண்டும் உயிர்பெற்றது.

அக்காலத்தில் காதில் சீழ் வடிவது அற்ப நோயன்று. சீழ் எலும்பை அரித்து மூளையை எட்டினால் மரணமே. ஆங்கில எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் 1900 இல் மாண்டது காதிலிருந்து பரவிய மூளைச்சவ்வு அழற்சியால் என்றே கருதப்படுகிறது. அவருடைய தந்தை வில்லியம் வைல்ட் அயர்லாந்தின் புகழ்பெற்ற காது மருத்துவர் என்பது விதியின் விளையாட்டு. 1940 களில் பென்சிலின் பரவலான பின்னரே அந்த அச்சம் அகன்றது.

மானிப்பாயில் தமிழ் பேசிய உடற்கூறு

மாத்தளையில் கிளர்ச்சி மூண்ட அதே 1848 இல், இலங்கையின் வடமுனையில் வேறொரு முயற்சி தொடங்கியது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, மாணவர்களுக்கு மேலைமருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் சிலர் கிராமங்களில் தங்காது வேறிடங்களில் உத்தியோகம் தேடிச் செல்வதைக் கண்டார். ஊர்மக்களிடையே மருத்துவம் நிலைக்க வேண்டுமாயின் அது அவர்களின் மொழியிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்று முடிவுசெய்து, 1860 களில் தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்' 1867 இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் வெளிவந்தன. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றுக்கு அவர் வழங்கிய சொல். மாணவர்களின் துணையுடன் அவர் தமிழில் ஆக்கிய மருத்துவ நூல்களின் பக்கங்கள் ஆயிரக்கணக்கானவை.

ஷ்வார்ட்சே ஜேர்மனியில் தம் முறையை வெளியிடுவதற்கு ஓராண்டு முன்னரே, மனித உடற்கூற்றை விரிவாக எடுத்துரைக்கும் நூலொன்று தமிழ் அச்சில் இருந்தது என்பது நாம் மறக்கலாகாத செய்தி. ஆயினும் 1870 இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட அரச மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டது. 1873 இல் கிறீன் நாடு திரும்பினார். அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை.

தப்பொலியால் ஆளப்பட்ட உலகம்

மானிப்பாயில் அங்காதிபாதம் அச்சேறிய அதே காலத்தில், தமிழ் தவிர வேறு மொழியறியாப் பல்லாயிரம் மக்கள் மாத்தளையை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து நூற்றுக்கு மேற்பட்ட மைல்கள் நடந்த கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாசல். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக மாண்டோர் எண்ணற்றோர். 1872 இல்தான் பெருந்தோட்ட மாவட்டங்களுக்கென மருத்துவ வசதிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அதன் கவலையெல்லாம் உயிர்கொல்லும் நோய்களைப் பற்றியது. காது அதன் கணக்கில் வர நியாயமில்லை.

இத்தனைக்கும் தோட்டவாழ்வு ஒலியால் ஆளப்பட்ட வாழ்வு. விடிவதற்குள் தப்பொலி கேட்கும். அது கேட்டதும் லயத்திலிருந்து எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். பிந்தினால் அன்றைய வேலை போகலாம், அல்லது 'அரைப்பேர்' விழலாம். பின்னாளில் தொழிற்சாலைச் சங்கு அவ்விடத்தைப் பிடித்தது. கங்காணியின் அதட்டலும் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவதும் செவிவழியே வந்தன. காமன்கூத்தும், மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகப் பஞ்சரதப் பவனியும் பறையும் மேளமுமாய்ச் செவிக்கு விருந்தளித்தன. செவிப்புலன் அற்றவர் இந்த உலகின் கட்டளைக்கும் கொண்டாட்டத்துக்கும் ஒருசேர அந்நியரானார்.

செவியைக் கெடுக்கும் காரணங்களும் அவ்வாழ்வில் நிறைந்திருந்தன. ஈரமும் குளிரும் புகையும் நெருக்கமும் நிறைந்த லயத்து அறைகளில் குழந்தைகளின் தடிமல் காதுக்குப் பரவுவது எளிது. மூக்கின் பின்புறத்தை நடுச்செவியோடு இணைக்கும் குழாய் சிறுபிள்ளைகளில் குறுகியதாகவும் கிடையாகவும் இருப்பதே அதற்குக் காரணம். காதுக்குள் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதே வீட்டுவைத்தியம். செவிப்பறையில் துளை விழுந்த காதுக்கு அது மேலும் தீங்கு. தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளுக்கும் உலர்த்திகளுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களின் மயிர்க்கலங்கள் ஓசையின்றி உதிர்ந்தன.

மருந்துகளும் தம் பங்குக்கு வந்தன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, துரைமார் சிங்கோனாவை நட்டனர். 1880 களில் இலங்கை பெருந்தொகையாகச் சிங்கோனாப் பட்டையை ஏற்றுமதி செய்தது. அப்பட்டையிலிருந்து பெறப்பட்ட கொயினாவே மலேரியாவுக்கு மருந்து. அளவு மீறினால் காதில் இரைச்சலையும் தற்காலிகச் செவிட்டையும் உண்டாக்குவதும் அதுவே. 1934–35 இல் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட பெரும் மலேரியாவின்போது நாடு முழுவதும் கொயினா விநியோகிக்கப்பட்டது. உயிரா, காதா என்ற கேள்வியில் உயிரைத் தெரிவதே சரி. பின்வந்த காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் விளைவிக்கும் செவிட்டுத்தன்மையோ நிரந்தரமானது.

ஏந்தியுருவைத் தட்டிய விரல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த மாற்றம் வியப்புக்குரியது. ஏந்தியுரு அசையாது இறுகிப்போகும் நோயொன்றுண்டு. இளவயதினரையும் அது படிப்படியாகச் செவிடாக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிறுதியில் சிலர் அவ்வெலும்பை அசைக்க முயன்றபோது, அக்கால மேதைகள் அதனை ஆபத்தானதெனக் கண்டித்து நிறுத்தினர். 1938 இல் நியூயோர்க்கில் லெம்பேர்ட் வேறுவழியாக உட்செவியில் புதுச்சாளரம் திறந்தார். 1952 இல் அதே நகரில் சாமுவேல் ரோசன், மயக்கமருந்தின்றி அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்து சிகிச்சை நடத்துகையில் ஏந்தியுருவைத் தொட்டசைத்தார். மேசையில் கிடந்த நோயாளிக்கு அக்கணமே கேட்கத் தொடங்கிற்று. 1956 இல் ஜோன் ஷே அவ்வெலும்பையே அகற்றி, டெப்லோனாலான செயற்கை ஏந்தியுருவைப் பொருத்தினார். கிழிந்த செவிப்பறையை நோயாளியின் சொந்தத் திசுவாலேயே ஒட்டும் முறையை ஜேர்மனியர் வளர்த்ததும் இதே தசாப்தத்தில்தான்.

உட்செவி பழுதுற்றோருக்கான வழி 1957 இல் பாரிஸில் துலங்கியது. ஜூர்னோ, ஏரியே என்ற இருவர் செவிநரம்பையே மின்னாற் தூண்டி ஒலியுணர்வை உண்டாக்கினர். அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் அவ்வழியைத் தொடர்ந்தார். பல மின்முனைகள் மூலம் பேச்சையே விளங்கவைக்கும் கருவியை 1978 ஓகஸ்ட் முதலாந் திகதி மெல்பேர்ணில் கிரயம் கிளார்க் பொருத்தினார். அவர் தந்தை செவிப்புலன் குன்றிய மருந்தாளர். சுருண்ட நத்தைச்சுருளுக்குள் மின்முனைகளை எவ்வாறு செலுத்துவது எனத் தவித்த கிளார்க், கடற்கரையில் சங்கொன்றினுள் புல்லிதழைச் செலுத்திப் பார்த்து விடைகண்டார்.

தமிழகம் இத்துறையில் பிந்திவிடவில்லை. காது மூக்குத் தொண்டைச் சிகிச்சையில் சென்னை இன்று தெற்காசியாவின் முன்னணி மையங்களுள் ஒன்று. இத்துறையில் பெயர்பெற்ற மோகன் காமேஸ்வரனுக்கு 2006 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட வறிய குழந்தைகளுக்கு நத்தைச்சுருள் கருவி பொருத்துவதைத் தமிழக அரசு தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற் சேர்த்துள்ளது. இலங்கையிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

காலம் என்னும் கத்தி

எனினும் இக்கருவியை எப்போதும் பொருத்தலாம் என்று எண்ணுவது தவறு. நத்தைச்சுருள் பிறக்கும்போதே முழு வளர்ச்சியடைந்துவிடுகிறது, மூளையோ அவ்வாறன்று. ஒலியைப் பிரித்தறியும் பகுதிக்கு முதல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் ஒலி எட்டாவிடில், அப்பகுதி வேறு பணிகளுக்குத் திரும்பிவிடுகிறது. பிறவியிலேயே செவிப்புலனற்ற பிள்ளைக்கு ஏழு வயதுக்குப்பின் கருவி பொருத்தினால் சத்தம் கேட்கும்; அது மொழியாக விளங்குவது அரிது. இதனாலேயே ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோய்நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் உதவி என்ற கணக்கை நிபுணர்கள் வகுத்துள்ளனர்.

இவ்விடத்தில்தான் மாத்தளையின் வரைபடம் குறுக்கே நிற்கிறது. எல்கடுவையிலோ இரத்தோட்டைக்கு மேலுள்ள மலைத்தோட்டங்களிலோ பிறக்கும் குழந்தையின் தாய், சில மாதங்களில் கொழுந்து பறிக்கத் திரும்பிவிடுவாள். குழந்தை பிள்ளைக் காம்பராவில் வளரும். குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதை யார் முதலில் கவனிப்பார்? கவனித்தாலும், 'எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் பிந்தித்தான் பேசும்' என்ற ஆறுதல் வார்த்தையில் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிடும். பட்டணத்து வைத்தியசாலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்சம்பள இழப்பு.

மொழி அடுத்த தடை. இலங்கையில் செவிப்புலன், கட்புலன் இழந்தோருக்கான முதற் பாடசாலையை 1912 இல் மேரி சாப்மன் அம்மையார் ஆரம்பித்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956 இல் எழுந்தது. மாத்தளையிலிருந்து ஒன்று மேற்குக் கடற்கரையில், மற்றையது வடமுனையில். போர்க்காலத்தில் கைதடிக்கான வழி எத்தகையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கருவி பொருத்திய பின்னரும் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் பேச்சுப்பயிற்சி வேண்டும். அது தாய் பேசும் தமிழில் அமைந்தாலன்றி வீட்டில் தொடராது. கிறீன் 1860 களில் உணர்ந்த அதே உண்மை, நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறே நிற்கிறது.

செவிப்புலனற்றோர் அனைவரும் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் என்று கொள்வதும் பிழை. சைகைமொழி இலக்கணமுடைய முழுமையான மொழி என்பதை மொழியியலாளர் 1960 முதல் நிறுவியுள்ளனர். கருவியோ சைகையோ, பிள்ளைக்கு முதல் ஆண்டுகளில் ஏதேனும் ஒரு மொழி வாய்க்கவேண்டும் என்பதே முக்கியம். இரண்டுமின்றி வளர்வதே உண்மையான இழப்பு.

தடுக்கத்தக்கவையும் பல. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா தொற்றினால் பிள்ளையின் கண்ணும் செவியும் பாதிக்கப்படலாம். இலங்கை 1996 முதல் அதற்குத் தடுப்பூசி வழங்கி, 2020 இல் அந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிசெய்யப்பட்டது. இது பெருமைக்குரிய சாதனை. தடுப்பூசியை மலையுச்சி லயம்வரை கொண்டுசென்ற மருத்துவ மாதுக்களால், செவிப்பரிசோதனையையும் அங்கு கொண்டுசெல்ல முடியும். தாய்மாமனை, மாமன் மகனை மணக்கும் நம் வழக்கம் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதையும் வெட்கமின்றிப் பேசத்தான் வேண்டும். சிறுவயதுச் செவிப்புலன் இழப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர் பலர் மலையகத்துக்கு உதவ விரும்புகின்றனர். பலரும் கட்டடங்களையே நினைக்கின்றனர். பிள்ளைக் காம்பராவில் பணிபுரியும் பெண்களுக்கு ஒருநாள் பயிற்சி, தமிழ்பேசும் பேச்சுப்பயிற்சியாளர் ஒருவரின் கல்விச்செலவு, கருவி பொருத்திய பிள்ளையின் மின்கலத்துக்கும் பயணத்துக்குமான மாதாந்தத் தொகை ஆகியவை பெயர்ப்பலகையில் இடம்பெறாத உதவிகள். ஆனால் ஒரு பிள்ளைக்கு மொழி வாய்ப்பதும் வாய்க்காமல் போவதும் அவற்றில்தான் தங்கியுள்ளது. மூன்று வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அடுத்த திட்டக்காலம் வரை காத்திருக்க நேரமில்லை.